காந்தளின் அளவு: ஒரு மலைக்கொடியும் வலிநீக்கும் வேதிப்பொருளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறையை அடையும் மலைச்சாலை இரு மாநிலங்களை மட்டுமல்லாமல் ஒரே செடியின் இரு பெயர்களையும் இணைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறச் சரிவுகளிலும், வேலியோரங்களிலும், புதர்க்காடுகளிலும் படரும் அக்கொடி, கிழக்கே தேனிச் சமவெளியில் கண்வலிக்கிழங்கு எனப்படும். மேற்கே இடுக்கி மாவட்டத்து மலையாள வழக்கில் அது மேந்தோன்னி. ஏலத்தோட்ட வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாக மலையேறிய தமிழ்த் தொழிலாளர்க்கு இரண்டும் ஒன்றே என்பது தெரியும். தாவரவியலார் அதனைக் குளோரியோசா சுபர்பா என்பர். தமிழ்நாடு அரசு அதனையே செங்காந்தள் என்னும் பெயரால் மாநில மலராகக் கொண்டுள்ளது.

இக்கொடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் கோல்சிசின், உலக மருத்துவ வரலாற்றின் பழமையான வலிநீக்கிகளுள் ஒன்று. அதே பொருள் கடும் நஞ்சும் ஆகும். உயிர்காப்பதும் உயிர்பறிப்பதுமான இவ்விரு தன்மைகளுக்கும் நடுவே நிற்பது அளவு ஒன்றே. அந்த அளவை யார் கண்டறிந்தார், யார் நிர்ணயித்தார், யார் விலையாக்கினார் என்னும் வினாக்களின் வழியே காந்தளின் வரலாற்றைப் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போது, மரபறிவு குறித்து இன்று எளிதாகச் சொல்லப்படும் இரண்டு முடிவுகள் ஒருசேரக் கேள்விக்குள்ளாகின்றன. ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே’ என்பது ஒன்று. ‘மரபில் இருந்தது வெறும் நம்பிக்கை, அறிவியல் வந்த பிறகே மருந்து பிறந்தது’ என்பது மற்றொன்று.

பெயர்களிலிருந்து தொடங்குவது பொருந்தும். சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ, முருகனுக்கு உரியது, வெறியாட்டோடு தொடர்புடையது, மகளிர் விரல்களுக்கு உவமையாவது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. அதே பாட்டில் தோன்றி என்னும் பூவும் தனியே எண்ணப்படுகிறது. பிற்கால நிகண்டு வழக்கு தோன்றியைச் செங்காந்தளாகவே கொள்ளும். இரண்டும் ஒன்றா வேறா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் மொழியியல் ஒரு குறிப்பைத் தருகிறது. தமிழின் ‘ஒன்று’ மலையாளத்தில் ‘ஒன்னு’ ஆவதும், ‘தோன்றுக’ என்பது ‘தோன்னுக’ ஆவதும் ஒழுங்கான ஒலிமாற்றங்கள். அவ்வொழுங்கின்படி ‘தோன்றி’ என்பது ‘தோன்னி’ ஆகும். சமவெளித் தமிழ் பேச்சுவழக்கில் இழந்துவிட்ட ஒரு பழம்பெயரை மலையின் மேற்குச் சரிவு மேந்தோன்னி என்னும் சொல்லுக்குள் காத்து வைத்திருக்கிறது எனக் கருத இடமுண்டு.

அப்பெயர்தான் முதலில் ஐரோப்பிய நூலில் ஏறியது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ரிக் வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு உருவாக்கிய ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் ஏழாம் தொகுதியில் ‘மெந்தோனி’ என்னும் தலைப்பில் இக்கொடி படத்துடன் இடம்பெற்றது. 1753இல் லின்னேயஸ் இட்ட இலத்தீன் பெயர் பூவின் பொலிவைப் புகழ்கிறது. உள்ளூர்ப் பெயர்கள் பெரும்பாலும் எச்சரிக்கின்றன. பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்னும் நம்பிக்கையிலிருந்து எழுந்தது கண்வலிப்பூ. கலப்பைபோல் வளைந்த கிழங்கைக் குறித்தவை கலப்பைக்கிழங்கு என்னும் தமிழ்ப் பெயரும் இலாங்கலி என்னும் வடமொழிப் பெயரும். பூக்கும் காலத்தைச் சுட்டுவது கார்த்திகைப்பூ. வடமொழி மருத்துவ நூல்கள் வழங்கிய மற்றொரு பெயர், கருவைக் கலைப்பது என்று வெளிப்படையாகவே பொருள்படும். ஒரு செடியைப் பற்றிச் சமூகம் அறிந்திருந்ததன் சுருக்கக் குறிப்பாகவே இப்பெயர்கள் விளங்குகின்றன. குழந்தைகளைப் பூவிலிருந்து விலக்கிவைக்க ‘கண் வலிக்கும்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

மரபு மருத்துவம் இக்கிழங்கை எவ்வாறு கையாண்டது என்பதை மிகையின்றி வரையறுக்க வேண்டும். ஆயுர்வேதம் இலாங்கலியை உபவிடங்களுள், அதாவது துணைநஞ்சுகளுள் ஒன்றாக வைத்தது. சித்த மருத்துவமும் சுத்தி செய்யாமல் அதனைப் பயன்படுத்துவதில்லை. கிழங்கை மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவு ஊறவைத்து, பகலில் உலர்த்தி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்வது அறியப்பட்ட சுத்திமுறை. வீக்கம், மூட்டுவலி, தேள்கடி, தோல்நோய் ஆகியவற்றுக்கு அரைத்துப் பூசுவதும் பற்றிடுவதுமே பரவலான பயன். பேற்று வேதனை நீடிக்கும்போது உள்ளங்காலிலும் அடிவயிற்றிலும் பூசும் வழக்கமும் பதிவாகியுள்ளது. ஆக, வலியுள்ள இடத்துக்கும் இக்கிழங்குக்கும் உள்ள உறவை மரபு கண்டிருந்தது. ஆனால் யூரிக் அமிலப் படிகங்களால் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கும் கவுட் என்னும் கீல்வாதத்துக்கு, மிகச் சிறு அளவில் உள்ளுக்குக் கொடுக்கும் முறையைக் காந்தளின் வழியாக நம் மரபு வகுத்ததாகக் கொள்ளச் சான்றில்லை. அந்த முறை வேறோர் இடத்தில், வேறொரு செடியின் வழியே வளர்ந்தது.

அச்செடி ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் பூக்கும் கோல்சிக்கம். கருங்கடலோரத்துக் கோல்கிஸ் நாட்டின் பெயரால் அழைக்கப்படுவது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதனை நஞ்சாகவே விவரித்தார். உண்ணத்தக்க கிழங்கென மயங்கி எவரும் தின்றுவிடக் கூடாது என்பதே அவர் அதைப் பற்றி எழுதியதன் நோக்கம். ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர், ஹெர்மோடாக்டில் என்னும் கிழங்கைக் கீல்வாதத்துக்குக் கொடுத்தார். அரபு மருத்துவம் அவ்வறிவை சூரிஞ்சான் என்னும் பெயரில் பேணியது. யூனானி மருத்துவத்தின் வழியே அப்பெயர் இந்தியாவுக்கும் வந்தது. ஐரோப்பாவிலோ, நச்சுத்தன்மையைக் கண்டு அஞ்சிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனை ஒதுக்கினர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அது இரகசிய மருந்தாகத் திரும்பி வந்தது. பிரெஞ்சுப் படை அதிகாரி நிக்கோலா உசோன் விற்ற ‘மருந்து நீர்’ கீல்வாத வலியை வியக்கத்தக்க விரைவில் தணித்தது. அதன் உட்பொருளை அவர் வெளியிடவில்லை. 1814இல் இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் வான்ட், அந்நீரின் மூலம் கோல்சிக்கமே என அறிவித்தார். 1820இல் பெல்லெத்தியேயும் காவன்தூவும் அதிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தனர். சிங்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் அதே ஆண்டில் அதே இருவர்தாம். 1833இல் கைகர் அதனைத் தூய்மைப்படுத்திக் கோல்சிசின் எனப் பெயரிட்டார். அந்நாள் முதல் ஒரு கிழங்கின் குணம், தராசில் நிறுக்கத்தக்க ஒரு பொருளின் அளவாக மாறியது.

இந்தப் புதிய அளவுமுறையோடு காந்தள் சந்தித்த களங்களுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய மூதீன் ஷெரீப், 1868இல் வெளியான இந்திய மருந்துநூலுக்கு இணைப்புத் தொகுதி எழுதியவர். தமிழ், தெலுங்கு, உருது முதலிய மொழிப் பெயர்களைச் செடிகளோடு சரியாகப் பொருத்துவதை வாழ்நாள் பணியாகக் கொண்டவர். காந்தள் கிழங்கைச் சிற்றளவில் தாமே உட்கொண்டு பார்த்து, மக்கள் எண்ணுமளவுக்கு அது கொடிய நஞ்சன்று எனக் குறித்தார். கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியராயிருந்த வார்டன் 1880இல் அதே கிழங்கிலிருந்து கசப்பான ஒரு நச்சுப்பொருளைப் பிரித்து ‘சூப்பர்பின்’ எனப் பெயரிட்டார். ஒருவர் நஞ்சு குறைவு என்றார். மற்றவர் நஞ்சைப் பிரித்தே காட்டினார். இருவர் கண்டதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கிழங்கின் வயது, பருவம், விளைந்த நிலம் ஆகியவற்றுக்கேற்ப அதிலுள்ள காரப்பொருளின் அளவு வேறுபடும். ஒரு கிழங்கைத் தின்று தப்பியவரின் அனுபவம் அடுத்த கிழங்குக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. வார்டனும், டைமாக்கும், ஊட்டியில் அரசின் சிங்கோனா வேதியியலாளராயிருந்த டேவிட் ஹூப்பரும் இணைந்து எழுதிய பார்மகோகிராபியா இண்டிகா (1890–1893) இவ்விரு செய்திகளையும் பதிவு செய்தது. 1915இல் கிளவர், கிரீன், டூட்டின் ஆகியோர் காந்தள் கிழங்கில் இருப்பது கோல்சிசினே என நிறுவினர். கோல்கிஸ் நாட்டுக் கிழங்கும் குறிஞ்சி நிலத்துக் கிழங்கும் ஒரே பொருளைத் தாங்கியிருந்தன என்பது அப்போதுதான் வேதியியல் மொழியில் உறுதிப்பட்டது.

மூன்றாவதாக ஒரு நிலமும் உண்டு. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் ‘லிஜியாங் சான்சிகு’ என்னும் பெயரில் விற்கப்படும் சிறு கிழங்கு, இஃபிஜீனியா இண்டிகா என்னும் செடியுடையது. காந்தளின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி இந்தியாவிலும் வளர்கிறது. அதிலும் கோல்சிசின் உண்டு. சீன மருத்துவத்தில் சான்சிகு என்னும் பெயருக்கு உரியவை உண்மையில் சில ஆர்க்கிட் வகைகளின் கிழங்குகள். உருவ ஒற்றுமையாலும் பெயர் ஒற்றுமையாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கலந்துவிட்டபோது நச்சு நேர்ந்தது. செடிக்குப் பெயர் பொருத்துவதில் மூதீன் ஷெரீப் காட்டிய பிடிவாதம் வெறும் அகராதி ஆர்வம் அன்று என்பதற்கு யுன்னான் கிழங்கு ஒரு சான்று. பெயர் தவறினால் அளவும் தவறும்.

சீன மருத்துவத்தின் புகழ்பெற்ற வலிநீக்கிகளை இங்கு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். லி ஷிசென் தொகுத்து 1596இல் அச்சேறிய பென்சாவ் காங்மு, யான்ஹூசுவோ என்னும் கோரிடாலிஸ் கிழங்கை வலிக்கு உரியதாகப் பேசுகிறது. அதனைக் காடியில் வேகவைத்துப் பயன்படுத்துவது வழக்கம். காரப்பொருள்கள் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி நீரில் எளிதில் கரைவதால், காடி அக்கிழங்கின் திறனை வெளிக்கொணர்கிறது. அகோனைட் வேருக்கோ வேறு முறை. நம் மரபு நாபி என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்த அவ்வேரை நெடுநேரம் வேகவைப்பர். கொதியில் அதன் கொடிய அகோனிட்டின் சிதைந்து நச்சு குறைந்த பொருள்களாகிறது. காந்தள் கிழங்கை மோரில் ஊறவைப்பது மூன்றாம் வழி. கோல்சிசின் நீரில் கரையும் பொருள் ஆதலால், ஊறலில் ஒரு பகுதி வெளியேறிவிடும். கரைத்து எடுத்தல், சிதைத்துத் தணித்தல், ஊறவைத்துக் கழித்தல் ஆகிய இம்மூன்றும் தராசு இல்லாத காலத்தில் அளவைக் கட்டுப்படுத்த மனிதர் கண்ட வழிகள். வேதியியல் வாய்பாடு அறியாமலேயே செயல்முறையால் அளவை ஆண்ட அறிவு அது. அவ்வறிவுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஊறலுக்குப் பின் கிழங்கில் எஞ்சியது எவ்வளவு என்பதை அது சொல்ல இயலாது.

சீனம் இந்த எல்லையைக் கடந்த விதம் கவனத்துக்குரியது. 1920களின் பிற்பகுதி முதல் வேதியியலாளர் சாவ் செங்கு கோரிடாலிஸ் கிழங்கின் காரப்பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பின்னர் ஷாங்காய் மருந்தியல் ஆய்வகத்தில் ஜின் குவோசாங், அவற்றுள் டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்னும் பொருளின் வலிதணிக்கும் செயலை ஆராய்ந்தார். 2014இல் தாலியனிலும் கலிபோர்னியாவிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள் அதே கிழங்கிலிருந்து டீஹைட்ரோகோரிபல்பின் என்னும் மற்றொரு பொருளைப் பிரித்து, அது அபினியின் வழியில் செல்லாமல் டோப்பமின் ஏற்பிகளின் வழியே வலியைக் குறைப்பதை எலிகளில் காட்டினர். மரபுநூல், ஆய்வகம், மருந்தகம் ஆகிய மூன்றும் ஒரு நாட்டின் நிறுவனங்களுக்குள்ளேயே தொடர்ச்சியாக இணைந்ததால் இது நிகழ்ந்தது. காந்தளின் வரலாற்றில் அத்தகைய தொடர்ச்சி அமையவில்லை.

வலியைத் தணிப்பதில் கோல்சிசினின் வழி இவற்றிலிருந்து வேறானது. அபினியும் கோரிடாலிஸும் நரம்பு மண்டலத்தில் செயல்பட்டு வலியுணர்வைக் குறைப்பவை. கோல்சிசின் வலியுணர்வைத் தொடுவதில்லை. அது உயிரணுவுக்குள் இருக்கும் டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு, நுண்குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. நுண்குழல்கள் இன்றி வெள்ளணுக்கள் மூட்டை நோக்கி முறையாக நகர இயலாது. அழற்சியைத் தூண்டும் நிகழ்வுகளும் தடைப்படும். நெருப்பு தணிவதால் வலி தணிகிறது. ஆனால் அதே நுண்குழல்களைக் கொண்டே ஒவ்வோர் உயிரணுவும் பிரிகிறது. அளவு மிகுந்தால் குடற்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால் என விரைந்து பிரியும் திசுக்கள் யாவும் முடங்கும். 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், இலங்கையில் காந்தள் நச்சுக்கு ஆளாகிப் பிழைத்தவர் ஒருவரின் உடல் முழுவதும் மயிர் உதிர்ந்ததைப் பதிவு செய்தது. மருந்தும் நஞ்சும் இருவேறு குணங்கள் அல்ல. ஒரே செயலின் இரு அளவுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

உயிரணுப் பிரிவை நிறுத்தும் இக்குணமே கோல்சிசினை அறிவியலின் கருவியாகவும் ஆக்கியது. 1937இல் பிளேக்ஸ்லியும் ஏவரியும் கோல்சிசினால் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கலாம் எனக் காட்டினர். தலச்சேரியில் பிறந்து, சென்னையில் பயின்று, கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாள், 1940களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்சிசின் இட்டு ஆராய்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய மக்னோலியா வகை ஒன்று உண்டு. மலபார்க் கரையின் கொடியில் உள்ள பொருளை, மலபார்க் கரையில் பிறந்த அறிஞர், இங்கிலாந்து மண்ணில் பயன்படுத்த நேர்ந்தது அக்கால அறிவியலின் புவியியலைச் சொல்கிறது.

தூய பொருள் கையில் கிடைத்த பிறகும் அளவுச் சிக்கல் தீரவில்லை. இருபதாம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்கள் கீல்வாத நோயாளிக்கு, வலி தணியும்வரை அல்லது வயிற்றுப்போக்கு தொடங்கும்வரை, மணிக்கொரு முறை கோல்சிசின் கொடுத்து வந்தனர். நஞ்சின் முதல் அறிகுறியே மருந்தின் எல்லைக்கோடாக இருந்தது. முறையான ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2010இல் வெளிவந்தபோது, ஆறு மணிநேரத்தில் கொடுக்கும் 4.8 மில்லிகிராமுக்கு ஈடாக, ஒரு மணிநேரத்தில் கொடுக்கும் 1.8 மில்லிகிராமே வலியைத் தணித்தது. வயிற்றுத் துன்பமோ பெரிதும் குறைந்தது. ஒரு பொருளைப் பிரித்தெடுத்து ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்குப் பிறகே அதன் தக்க அளவு தெளிந்தது. மரபு மருத்துவத்தை அளவறியாதது எனப் பழிப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். நவீன மருத்துவத்தின் சிறப்பு, அது தொடக்கத்திலேயே சரியாக இருந்ததில் இல்லை. தன் வழக்கத்தைச் சோதித்துத் திருத்திக்கொள்ளும் முறையைக் கொண்டிருந்ததில் இருக்கிறது.

அளவு தெளிந்தவுடன் விலையும் மாறியது. அமெரிக்காவில் நீண்ட காலம் முறையான ஒப்புதலின்றியே விற்கப்பட்ட கோல்சிசின் மாத்திரைக்கு, இவ்வாய்வின் அடிப்படையில் 2009இல் ஒரு நிறுவனம் ஒப்புதலும் தனியுரிமைக் காலமும் பெற்றது. ஒரு மாத்திரை சுமார் 9 சென்டிலிருந்து 4.85 டாலராக உயர்ந்தது. பொருள் பழையது, செடி பழையது, நோய் பழையது. புதிதாகச் சேர்ந்தது அளவு பற்றிய அறிவு மட்டுமே. அந்த அறிவே விலையாயிற்று. இதனோடு இலங்கையின் ஒரு நிகழ்வை ஒப்பிடலாம். 1968இல் காந்தளின் நச்சுப்பொருள்களைக் குறித்து ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட மூவருள் கி. பாலசுப்பிரமணியமும் சேனக பிபிலேயும் அடங்குவர். பின்னாளில் இலங்கையின் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, இன்றியமையா மருந்துகள் மலிவாக மக்களைச் சென்றடைய வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தவர் அதே பிபிலே. ஒரே கிழங்கைப் பற்றிய அறிவு ஓரிடத்தில் தனியுரிமைக்கும், அந்த அறிவுத்துறையில் நின்ற ஒருவரின் பணி மற்றோரிடத்தில் பொதுநலனுக்கும் வழிவகுத்திருக்கிறது.

மேற்கு மலையின் மழைமறைவுப் பகுதிக்கு இப்போது திரும்பலாம். சாந்தன்பாறைக்கு வடகிழக்கே, பழனிமலைக்கு அப்பால் விரியும் வறண்ட சமவெளியில் ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரங்கள் உள்ளன. காட்டில் கிழங்கு தோண்டிய காலம் மாறி, இங்கு கடந்த சில பத்தாண்டுகளாகக் காந்தள் வயற்பயிராகியிருக்கிறது. கிழங்குகளை நட்டு, கிளுவை வேலியிலும் கம்பிப் பந்தலிலும் கொடியை ஏற்றுகின்றனர். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து மகரந்தத்திலிருந்து விலகி நிற்பதால், காய் நன்கு பிடிக்க வேண்டுமெனில் காலைநேரத்தில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். காய்களை உலர்த்தி எடுக்கும் விதையே விற்பனைப் பொருள். கிழங்கு அடுத்த பருவ நடவுக்கு நிலத்திலேயே காக்கப்படுவதால், விதைச் சாகுபடி காட்டுக்கொடிக்கும் ஓரளவு பாதுகாப்பாகிறது.

அவ்விதையிலிருந்து கோல்சிசினோடு கோல்சிகோசைடு என்னும் பொருளும் கிடைக்கிறது. 1950களில் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதில் கந்தகத்தைச் சேர்த்துத் தயோகோல்சிகோசைடு என்னும் தசைத்தளர்த்தியை உருவாக்கினர். இன்று இந்திய மருந்துக்கடைகளில் கழுத்துவலிக்கும் இடுப்புவலிக்கும் எழுதப்படும் பல மாத்திரைகளில், வேறொரு வலிநீக்கியோடு சேர்ந்து, இப்பொருள் இருக்கிறது. பாரம் சுமந்து, குனிந்து, மலையேறி உழைப்போர் வாங்கும் மாத்திரையின் வேர், அவர்கள் வேலியில் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்லும் கொடியில் இருக்கக்கூடும். அவ்வுறவை மாத்திரை அட்டையில் எங்கும் காண இயலாது.

2013இல் ஐரோப்பிய மருந்து முகமை தயோகோல்சிகோசைடின் பயன்பாட்டைச் சுருக்கியது. உடலில் அது சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், பிரியும் உயிரணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பிறழச் செய்யக்கூடும் எனக் கண்டதே காரணம். வாய்வழியே ஏழு நாளுக்கு மேல் கூடாது. கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் கூடாது என விதிக்கப்பட்டது. கருவைக் கலைப்பது என்று பழைய வைத்தியநூல் ஒரு பெயரால் சொல்லிவைத்த எச்சரிக்கையும், ஐரோப்பிய முகமை ஆய்வுச் சான்றோடு விதித்த தடையும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஒன்று கண்டதைப் பெயரில் காத்தது. மற்றது ஏன் என்று விளக்கியது. இந்தியாவில் மருந்து விதிகளின் இ(1) அட்டவணை, ஆயுர்வேத நச்சுப்பொருள்களுள் ஒன்றாக இலாங்கலியைச் சேர்த்து, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்னும் எச்சரிக்கையைச் சிட்டையில் கட்டாயமாக்கியுள்ளது. அதே கொடியிலிருந்து பிறந்த தசைத்தளர்த்தி மாத்திரை, மருந்துச்சீட்டு இருக்கிறதா எனக் கேட்கப்படாமலே பல இடங்களில் கைமாறுகிறது. எச்சரிக்கை கிழங்கோடு நின்றுவிட்டது. மாத்திரையோடு பயணம் செய்யவில்லை.

இந்த இடைவெளிதான் காந்தள் வரலாற்றின் இன்றைய பொருள். கிழங்கு நச்சால் மருத்துவமனைக்கு வருவோர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்றும் உளர். நச்சு உடனே முழுமையாக வெளிப்படாமல், வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கி, ஓரிரு நாள் கழித்து உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தாக்குவதால், முதல்நாள் தேறியதாகத் தோன்றுபவரும் ஆபத்தில் இருக்கலாம். வழக்கமாகக் கிடைக்கும் முறிமருந்து எதுவும் இல்லை. விரைந்த சிகிச்சையும் இடைவிடாத கண்காணிப்புமே வழி. காட்டுக்கொடியை மூலிகை என்ற ஒரே சொல்லால் புகழ்ந்து வீட்டுமருத்துவக் குறிப்பாகப் பரப்புவோர், சுத்தியையும் அளவையும் எச்சரிக்கையையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர். மரபு ஒருபோதும் அவ்வாறு செய்ததில்லை. அது முதலில் நஞ்சென்று சொன்னது. பிறகுதான் மருந்தென்று சொன்னது.

ஆய்வுலகுக்கும் இதில் ஒரு பணி எஞ்சியிருக்கிறது. விதை விளையும் வயல் தமிழகத்தில் இருக்கிறது. பெயரும் சுத்திமுறையும் தமிழ், மலையாள, வடமொழி நூல்களில் இருக்கின்றன. பொருளைப் பிரித்ததும், அளவை நிர்ணயித்ததும், விலையை வைத்ததும் பெரும்பாலும் வேறிடங்களில் நிகழ்ந்தன. மோரில் ஊறிய கிழங்கில் எஞ்சும் கோல்சிசின் எவ்வளவு, ஒரு வட்டாரத்துக் கிழங்குக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு எவ்வளவு, கையால் மகரந்தம் சேர்த்து விதை உலர்த்துவோரின் உடல்நலம் எத்தகையது என்பன போன்ற வினாக்களை இங்குள்ள பல்கலைக்கழகங்களும் சித்த மருத்துவக் கல்லூரிகளும் இணைந்தே கேட்க முடியும். மூதீன் ஷெரீப் தம் உடலையே சோதனைக்களம் ஆக்கிய காலம் போயிற்று. அவர் கேட்ட கேள்வி போகவில்லை: எவ்வளவு? காந்தளின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே படர்ந்திருக்கிறது.